சாய்ந்த கூரைக்குள் நிமிர்ந்து நிற்க

ஓட்டு வீட்டில் இருந்தவர்களுக்குக் கண்ணாடி ஓட்டைத் தெரியும். அடுப்படிக்கு மேலே, நூற்றுக்கணக்கான மண் ஓடுகளுக்கு நடுவில், ஒன்றே ஒன்று கண்ணாடியில் இருக்கும். பள்ளிக்கூடச் சிலேட்டைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அந்த ஒற்றை ஓடு இருந்தால் பகலில் விளக்குப் போடாமலே அரிசியில் கல் பொறுக்கலாம். அதே அடுப்படியின் சுவரில் அதைப்போலப் பல மடங்கு பெரிய ஜன்னல் இருக்கும். ஜன்னலோரம் மட்டும் வெளிச்சமாக இருக்கும். உள்மூலை இருண்டே கிடக்கும். வெயில் எட்டிப் பார்க்காத ஐப்பசி நாளிலும் இதில் மாற்றமில்லை. கைக்குட்டை அளவு ஓடு எப்படிப் பெரிய ஜன்னலை வெல்கிறது?

இந்தக் கேள்விக்கான விடையை நம்பி ஐரோப்பிய நகரங்களில் லட்சக்கணக்கானோர் குடியிருக்கிறார்கள். அங்கே பனியும் மழையும் வழிந்தோடக் கூரையைச் சாய்வாகப் போடுவார்கள். கடைசி மாடியின் உத்தரத்துக்கும் கூரைக்கும் நடுவே முக்கோண வடிவில் ஓர் இடம் மிஞ்சும். நம்மூரில் அந்த இடம் பரணாகவோ மச்சாகவோ பழைய பாத்திரங்களைச் சுமக்கும். அங்கே அது மனிதர்களைச் சுமக்கிறது. பாரிஸின் பழைய அடுக்குமாடிகளில், துத்தநாகத் தகடு வேய்ந்த கூரையின் அடியில், வீட்டுவேலைப் பெண்கள் படுத்துறங்குவதற்காக 19-ஆம் நூற்றாண்டில் வரிசையாகச் சிறு அறைகள் கட்டினார்கள். பின்பக்கப் படிக்கட்டில் ஆறு மாடி ஏறித்தான் அங்கே போக வேண்டும். இன்று அவற்றில் மாணவர்களும் சொற்பச் சம்பளக்காரர்களும் இருக்கிறார்கள். லண்டனின் விக்டோரியா காலத்து வரிசை வீடுகளில் பெட்டி படுக்கை போட்டுவைத்திருந்த கூரையடி இன்று பிள்ளைகளின் படுக்கையறை. நகரத்தில் வாங்க மனை இல்லாதபோது, ஏற்கெனவே சொந்தமாக இருக்கும் கடைசி இடம் கூரைக்குள்தான் இருக்கிறது.

அந்த இடத்தை இனி 'கூரையறை' என்றே சொல்கிறேன். கூரையறைக்கு இரண்டு குறைகள்: வெளிச்சம் போதாது, தலை இடிக்கும். இரண்டையும் தனித்தனியாகச் சரிசெய்யலாம் என்றுதான் முதலில் தோன்றும். உண்மையில் இரண்டுக்கும் வேர் ஒன்றே: கூரையின் சாய்வு. ஒன்றைக் கூட்டப் போனால் மற்றது குறையும். அதோடு, கூரையைத் தாங்குவது எது என்று தெரியாமல் கைவைத்தால் வீட்டுக்கே ஆபத்து.

முதலில் வெளிச்சத்தைப் பார்ப்போம். மேகம் முழுக்க மூடிய நாளில் வானம் எல்லாப் பக்கமும் ஒரே சாம்பல் நிறமாகத்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. அது உண்மையல்ல. கண் மிகப் பெரிய ஒளி வேறுபாட்டையும் சமன்செய்து காட்டிவிடும். ஒளிமானியை வானத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் நேராகத் திருப்பி அளந்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். தலைக்கு நேர் மேலே உள்ள வானம் அடிவானத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பிரகாசமாக இருந்தது. அந்த அளவீடுகளை ஓர் எளிய விதியாக 1942-இல் வகுத்துத் தந்தவர்கள் அமெரிக்கர்களான பாரி மூனும் டொமினா ஸ்பென்சரும். பன்னாட்டு ஒளியியல் ஆணையம் 1955-இல் அதை 'மேகம் மூடிய நியம வானம்' என்று ஏற்றுக்கொண்டது. கட்டடத்துக்குள் பகலொளி எவ்வளவு வரும் என்று கணக்கிடுபவர்கள் இன்றும் அதைக் கையாளுகிறார்கள்.

ஏன் மூன்று மடங்கு? மேகம் ஒரு தடித்த படலம். வெயில் அதன் மேற்புறத்தில் விழுகிறது. நீர்த்துளிகளில் மோதி மோதிச் சிதறி, கீழே வர வர மங்குகிறது. நாம் நேர்மேலே பார்க்கும்போது பார்வை மேகத்துக்குள் ஆழமாகப் போய், மேலே இருக்கும் வெளிச்சமான அடுக்குகள்வரை எட்டுகிறது. அடிவானத்தைப் பார்க்கும்போது பார்வை சாய்வாக நுழைவதால், மேகத்தின் அடிப்புறத்து மங்கிய அடுக்கைத் தாண்டுவதற்குள்ளேயே தடுக்கப்பட்டுவிடுகிறது. சூரியனைப் படமெடுத்தால் வட்டத்தின் விளிம்பு நடுப்பகுதியைவிட மங்கலாகத் தெரிவதற்கும் இதுவே காரணம்.

இப்போது கண்ணாடி ஓட்டின் ரகசியம் பாதி விளங்கிவிடும். சுவரில் செங்குத்தாக நிற்கும் ஜன்னல் பாதி வானத்தைத்தான் பார்க்கிறது, அதிலும் பெரும்பகுதி அடிவானத்தின் மங்கலான பக்கம். சாய்வில் படுத்திருக்கும் கண்ணாடி உச்சிவானத்தைப் பார்க்கிறது. மூன்-ஸ்பென்சர் விதிப்படி கணக்குப் போட்டால், திறந்த வெளியில் தரைமேல் விழும் வெளிச்சத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். செங்குத்தான கண்ணாடிமேல் வானத்திலிருந்து நேராக விழுவது ஏறக்குறைய 40. 45 டிகிரி சாய்ந்த கண்ணாடிமேல் ஏறக்குறைய 80. அதாவது ஏறக்குறைய இரண்டு மடங்கு. எதிர்வீட்டுச் சுவரோ, இறங்கிவந்த தாழ்வாரமோ செங்குத்து ஜன்னலை மறைத்தால் அதன் பங்கு இன்னும் சுருங்கும். தரையில் பட்டுத் திரும்பும் ஒளி அதற்குக் கொஞ்சம் கைகொடுக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். நெருக்கமான தெருக்களில் அந்த உதவி சொற்பம்.

இதைச் சோதித்துப் பார்க்க ஓர் அழகான கருவி இருக்கிறது: செயற்கை வானம். ஓர் அறையின் நான்கு சுவர்களிலும் தரையிலிருந்து கூரைவரை நிலைக்கண்ணாடி பதித்து, மேல்தளம் முழுக்கச் சீரான வெள்ளை வெளிச்சம் தருவார்கள். நடுவில் மேசைமேல் கட்டடத்தின் சிறிய அட்டை மாதிரியை வைப்பார்கள். கண்ணாடிகள் ஒன்றையொன்று பிரதிபலிப்பதால் மாதிரியைச் சுற்றி வெளிச்சத் தளம் முடிவில்லாமல் விரிந்துகொண்டே போகும். ஒவ்வொரு முறை பிரதிபலிக்கும்போதும் ஒளியில் கொஞ்சம் கண்ணாடியில் தொலைந்துபோகும். ஆகவே தொலைவில், 'அடிவான'த்தில் தெரிவது மங்கலாகவும், நேர்மேலே தெரிவது பிரகாசமாகவும் இருக்கும். யாரும் தனியாகச் சரிசெய்யாமலே, மேகம் மூடிய வானத்தின் சாயல் அந்தப் பெட்டிக்குள் வந்துவிடுகிறது. அட்டை அறைக்குள் சிறு ஒளியுணரியை வைத்து, உள்ளே விழுவது வெளியில் விழுவதில் எத்தனை விழுக்காடு என்று படிப்பார்கள். இந்த விழுக்காட்டைப் 'பகலொளி விகிதம்' எனலாம். மேகமூட்டமான ஐரோப்பியப் பகலில் வெளியே 10,000 லக்ஸ் வெளிச்சம் இருக்கும்போது, விகிதம் இரண்டு விழுக்காடு என்றால் மேசைமேல் 200 லக்ஸ் கிடைக்கும்; அது நடமாடப் போதும், தொடர்ந்து படிக்கக் கொஞ்சம் குறைவு.

சாய்வுக்குள்ளேயே படுக்கும் ஜன்னலைத் தண்ணீர் ஒழுகாமல் செய்வதுதான் நெடுங்காலம் சிக்கலாக இருந்தது. பழைய காலத்தில் இரும்புச் சட்டத்தில் சிறு கண்ணாடி வைத்து, கம்பியால் முட்டுக்கொடுத்துத் தூக்குவார்கள். மழையில் ஒழுகும், குளிரில் உட்புறம் நீர் கோத்துச் சொட்டும். டென்மார்க்கின் பொறியாளர் வில்லும் கான் ராஸ்முசென் 1941-இல் தொடங்கிய சிறு நிறுவனம் மறு ஆண்டே ஒழுகாத கூரை ஜன்னலைச் செய்துகாட்டியது. பின்பு கண்ணாடிச் சட்டம் நடு அச்சில் சுழலும் வகை வந்தது: சட்டத்தைத் தலைகீழாகத் திருப்பினால் வெளிப்புறக் கண்ணாடி அறைக்குள் வந்துவிடும், உள்ளே நின்றபடியே துடைக்கலாம். போர் முடிந்து வீட்டுத் தட்டுப்பாடு வாட்டிய ஐரோப்பாவில் அது பரவியது. பெரிய விஞ்ஞானக் கண்டுபிடிப்புகளின் வரிசையில் யாரும் இதைச் சேர்ப்பதில்லை. எத்தனை குடும்பங்களுக்கு ஒரு பகல் வெளிச்சமுள்ள அறையை இது தந்தது என்று எண்ணினால், சேர்த்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்த ஜன்னலை எங்கே வைப்பது என்பதிலும் கணக்கு இருக்கிறது. உட்கார்ந்திருப்பவர் வெளியே பார்க்கக் கீழ்விளிம்பு தரையிலிருந்து 1.10 மீட்டரைத் தாண்டக் கூடாது. நிற்பவர் பார்க்க மேல்விளிம்பு 2 மீட்டராவது இருக்க வேண்டும். இடையில் உள்ள 90 சென்டிமீட்டர் உயரத்தை எட்ட, 45 டிகிரி கூரையில் 1.27 மீட்டர் நீளக் கண்ணாடி போதும். 30 டிகிரி கூரையில் 1.80 மீட்டர் வேண்டும். கூரை படுக்கப் படுக்க ஜன்னல் நீள வேண்டும்.

ஜன்னலைச் சுற்றி உட்புறம் எப்படி அடைக்கிறார்கள் என்பதைக் கிட்டப்போய்ப் பார்த்தால் வேலை தெரிந்த தச்சரை அடையாளம் கண்டுவிடலாம். கூரையின் தடிமன் 30 சென்டிமீட்டர் இருக்கும். அந்தத் தடிமனைக் கடந்து கண்ணாடியை அறையோடு சேர்க்க நான்கு பலகைகள் வேண்டும். அவசரக்காரர் நான்கையும் கண்ணாடிக்குச் செங்குத்தாக அடித்துவிடுவார். ஒளி ஒரு குழாய்க்குள் நுழைந்து வருவதாகிவிடும். தெரிந்தவர் கீழ்ப்பலகையைத் தரைக்குச் செங்குத்தாகவும் மேல்பலகையைத் தரைக்குக் கிடையாகவும் வைப்பார். உள்வாய் அகன்றுவிடும், ஒளி கீழே தரைவரையும், எதிரே சுவர்வரையும் பரவும். இன்னொரு லாபமும் உண்டு. கீழே சுவரோரம் இருக்கும் கணப்பிலிருந்து எழும் சூடான காற்று அந்தச் செங்குத்துப் பலகையை ஒட்டி ஏறி, கண்ணாடியின் முகத்தைத் தடவிக்கொண்டு, கிடைப்பலகையின் கீழாக வெளியேறும். கண்ணாடி குளிர்ந்துபோகாது, நீர்த்துளி படியாது. குழாயாக அடைத்துவிட்டால் மேல்மூலையில் காற்று தேங்கி, சில குளிர்காலங்களில் அந்த மூலை கறுத்துப் பூசணம் பிடிக்கும்.

கூரையறைக்கு இன்னொரு வகை ஜன்னலும் உண்டு. சாய்வைக் கிழித்து வெளியே துருத்தி, தனக்கென்று ஒரு சிறு கூரையும் இரண்டு பக்கச் சுவரும் கொண்டு, செங்குத்தாக நிற்கும். ஐரோப்பிய நகரப் படங்களில் கூரைமேல் வரிசையாகத் தெரிவது அதுதான். அதை 'மாட ஜன்னல்' எனலாம். இதன் கண்ணாடி செங்குத்தாக இருப்பதால் உச்சிவானத்தைப் பார்க்காது. பக்கச் சுவர்களும் சொந்தக் கூரையும் மறைப்பதால் 40 கூட முழுதாகக் கிடைக்காது. அப்படியென்றால் ஏன் வைக்கிறார்கள்? நிற்பதற்காக. மாடம் துருத்திய இடத்தில் கூரை உயர்கிறது. ஜன்னல்வரை நிமிர்ந்து நடந்துபோய் வெளியே எட்டிப் பார்க்கலாம். கூரை ஜன்னல் ஒளி தருகிறது, உயரம் தருவதில்லை. மாட ஜன்னல் உயரம் தருகிறது, ஒளியைக் குறைக்கிறது. இரண்டையும் ஒரே அறையில் எதிரெதிர்ச் சாய்வுகளில் வைப்பதுதான் நல்ல வழி. தெருவைப் பார்த்த பக்கத்தில் கூரை ஜன்னலும், கொல்லைப் பக்கத்தில் அகலமான மாடமும் வைக்கும் லண்டன் பழக்கம் இதற்குப் பொருந்திவருகிறது. இங்கிலாந்தில் 2008 முதல், வரிசை வீட்டின் கூரையில் 40 கன மீட்டர்வரையும், மற்ற வீடுகளில் 50 கன மீட்டர்வரையும், சில நிபந்தனைகளோடு, தனித் திட்ட அனுமதி இல்லாமலே இப்படிக் கூட்டிக்கொள்ளலாம்.

இனி உயரத்துக்கு வருவோம். எட்டு மீட்டர் அகலமுள்ள வீடு, இருபக்கமும் சமமாகச் சாயும் கூரை. சாய்வு 45 டிகிரி என்றால் முகடு 4 மீட்டர் உயரத்தில் இருக்கும். 2 மீட்டருக்கு மேல் உயரமுள்ள நடுப்பட்டையின் அகலம் 4 மீட்டர். வீட்டின் பாதி அகலத்தில் நிமிர்ந்து நடக்கலாம். அதே வீட்டுக்கு 30 டிகிரி சாய்வு என்றால் முகட்டின் உயரம் 2.31 மீட்டர். கேட்க மோசமில்லை, ஆனால் 2 மீட்டர் உயரமுள்ள பட்டையின் அகலம் 1.07 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. முகட்டுக்கு நேர் கீழே ஒரு நடைபாதை, அவ்வளவுதான்.

ஆனால் இதே கணக்கை எதிர்த்திசையில் ஓட்டினால் நம்பிக்கை பிறக்கும். 30 டிகிரி கூரையில் தரையை 30 சென்டிமீட்டர் கீழே இறக்கினால், நிமிர்ந்து நிற்கும் பட்டையின் அகலம் 1.04 மீட்டர் கூடும், ஏறக்குறைய இரட்டிப்பு. 45 டிகிரி கூரையில் அதே 30 சென்டிமீட்டருக்கு 60 சென்டிமீட்டர்தான் கிடைக்கும். படுத்த கூரையில் ஒவ்வொரு சென்டிமீட்டரும் பொன். புதிய தரைக்கான மரங்களைப் பழைய உத்தரங்களுக்கு மேலே வைக்காமல், அவற்றின் இடைவெளிகளுக்குள், கீழ் அறையின் மேற்பூச்சைத் தொடாத அளவுக்கு மட்டும் தூக்கி இறக்குவது இதற்காகத்தான். பழைய உத்தரங்கள் கீழறையின் மேற்பூச்சைத் தாங்கப் போட்டவை. கட்டிலையும் மனிதர்களையும் தாங்க அவற்றால் ஆகாது.

அரசுகளும் இந்த முக்கோணத்தை எப்படி அளப்பது என்று யோசித்திருக்கின்றன. 2004 முதல் நடப்பில் உள்ள ஜெர்மன் விதிப்படி, 2 மீட்டரும் அதற்கு மேலும் உயரமுள்ள இடத்தின் பரப்பு முழுதாகக் கணக்கில் சேரும், ஒன்றுமுதல் இரண்டு மீட்டருக்குள் இருப்பது பாதியாக, ஒரு மீட்டருக்குக் கீழே இருப்பது சேராது. பிரான்ஸில் 1996-ஆம் ஆண்டுச் சட்டம், அடுக்குமாடி வீட்டை விற்கும்போது 1.80 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள இடத்தைப் பரப்பில் சேர்க்கக் கூடாது என்கிறது. வாடகைக்கு விடும் வீட்டில் ஓர் அறையாவது 9 சதுர மீட்டர் பரப்பும் 2.20 மீட்டர் உயரமும், அல்லது 20 கன மீட்டர் கொள்ளளவும் கொண்டிருக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு ஆணை. ஒரு மனிதர் கண்ணியமாக வாழ இவ்வளவு காற்றாவது வேண்டும் என்று எண்ணால் எழுதிவைத்தது பெரிய காரியம்.

தலை இடிக்கிறது என்றால் குறுக்கே போகும் உத்தரத்தை வெட்டினால் என்ன என்ற எண்ணம் யாருக்கும் வரும். அங்கேதான் ஆபத்து. ஒரு புத்தகத்தைப் பாதி விரித்து, முதுகு மேலே இருக்கும்படி மேசைமேல் கவிழ்த்து நிறுத்துங்கள். முதுகை விரலால் அழுத்தினால் இரண்டு அட்டைகளும் வெளியே வழுக்கி, புத்தகம் படுத்துவிடும். அட்டைகளின் அடியை ஒரு நூலால் சேர்த்துக் கட்டிவிட்டு அழுத்தினால் நிற்கும். நூல் விறைப்பாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கூரையின் கைமரங்கள்தான் அந்த அட்டைகள். குறுக்கு உத்தரம்தான் நூல். ஓட்டின் பாரம் கீழே மட்டும் இறங்குவதில்லை. கைமரத்தின் அடி சுவரை வெளியே உதைக்கிறது. 45 டிகிரி கூரையில், ஒரு கைமரம் சுமக்கும் பாரத்தில் பாதி அளவு விசை சுவரை வெளியே தள்ளும். 30 டிகிரியில் அது 87 விழுக்காடு. உயரம் குறைந்த கூரைதான் அதிகமாக உதைக்கும். உத்தரத்தை எடுக்கத் தூண்டுவதும் அதே கூரைதான்.

முழுக்க எடுக்காமல் மேலே ஏற்றினால்? ஏற்றலாம், விலை உண்டு. உத்தரம் கைமரத்தின் அடியில் இல்லாமல் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருந்தால் அது தாங்க வேண்டிய இழுவிசை ஒன்றரை மடங்காகும்; பாதி உயரத்தில் இருந்தால் இரண்டு மடங்கு. போதாததற்கு, உத்தரத்துக்குக் கீழே கட்டில்லாமல் நிற்கும் கைமரம் வளையத் தொடங்கும். ஒரே நாளில் எதுவும் இடிந்துவிடாது. சில பருவங்கள் கழித்து, சுவரின் தலைமேல் கைமரம் உட்காரும் இடத்தில் பொருத்து விலகி ஒரு விரல்கடை இடைவெளி தெரியும். முகடு நடுவில் லேசாகத் தொய்யும். வெளியே நின்று பார்த்தால் மேல்வரிச் செங்கற்கள் வயிறு தள்ளியிருக்கும். ஐரோப்பியப் பழைய வீடுகளைச் சோதிக்கும் பொறியாளர்கள் முதலில் தேடுவது இந்த மூன்று தடயங்களைத்தான்.

மரத்தச்சர்கள் இந்தச் சண்டையை ஆறு நூற்றாண்டுகளாகப் போடுகிறார்கள். 1390-களில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டுக்காக ஹ்யூ ஹெர்லண்ட் என்ற தச்சர் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்குக் கூரை அமைத்தார். 20 மீட்டருக்கும் மேற்பட்ட அகலம். நடுவில் ஒரு தூண் இல்லை, குறுக்கே ஓர் உத்தரம் இல்லை. உத்தரத்தின் நடுப்பகுதியை எடுத்துவிட்டு, இரு சுவரிலிருந்தும் குட்டை மரங்களை உள்ளே நீட்டி, அவற்றின்மேல் வளைவுகளை ஏற்றினார். அண்ணாந்து பார்த்தால் முகடுவரை வெட்டவெளி. உதைக்கும் விசை எங்கும் மறைந்துபோகவில்லை. தடித்த கற்சுவர்களும் வெளியே அண்டைகொடுத்த முட்டுச் சுவர்களும் அதை வாங்கிக்கொண்டன. ஒன்றரைச் செங்கல் தடிமனுள்ள குடியிருப்புச் சுவரிடம் அதைக் கேட்க முடியாது.

இன்றைய தீர்வு முகட்டில் இருக்கிறது. முகட்டின் நீளத்துக்கு ஒரு வலுவான விட்டம், பெரும்பாலும் இரும்பு அல்லது ஒட்டுமரம், இரு முனையும் பக்கவாட்டு முக்கோணச் சுவர்களில் உட்காரும்படி வைப்பார்கள். கைமரங்களின் தலை அதன்மேல் தொங்கும். தலையைத் தாங்க ஆள் வந்துவிட்டதால் அடி உதைப்பதில்லை. பாரம் செங்குத்தாக மட்டும் இறங்கும். அப்போதுதான் உத்தரத்தை நிம்மதியாக எடுக்க முடியும். லண்டனில் அந்தச் சுவர் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பொது என்பதால், விட்டத்தின் முனையை அதில் நுழைக்குமுன் 1996-ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டப்படி அவருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். போருக்குப் பின்வந்த பல வீடுகளில் நிலைமை இன்னும் கடினம். மெல்லிய மரங்களைப் பல்லுள்ள எஃகுத் தகடுகளால் இணைத்துத் தொழிற்சாலையிலேயே செய்த கூரைச் சட்டங்கள் கூரையடி முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். அதில் எந்த ஒரு கட்டையும் சும்மா நிற்கவில்லை. ஒன்றை அறுத்தாலும் மற்றவை அனைத்தின் விசையும் மாறும்.

சாய்வையே மாற்றிவிடுவது இன்னொரு வழி. கூரையை நடுவில் ஒடித்து, கீழ்ப்பாதியை ஏறக்குறைய சுவர் அளவுக்கு நிமிர்த்தி, மேல்பாதியைப் படுக்கவிட்டால் உள்ளே அறை முழுதும் நிற்கலாம். 17-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் பிரான்சுவா மான்சார் இதைப் புகழ்பெறச் செய்ததால் அவர் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது. அவருக்கு முன்பே லூவர் அரண்மனையில் இத்தகைய கூரை இருந்தது. பாரிஸில் இது பரவியதில் விதிகளுக்குப் பங்குண்டு. தெருவோரச் சுவர் இவ்வளவு உயரம்தான் என்று நகரம் வரையறுத்தது. அதற்கு மேலே கூரை 45 டிகிரிக் கோட்டுக்குள் அடங்க வேண்டும் என்றது. 1884-இல் அந்தச் சாய்கோட்டுக்குப் பதிலாக வட்டவில்லை வைத்தார்கள். பார்க்கச் சின்ன மாற்றம்தான். ஒரே அளவுள்ள சதுரத்துக்குள் மூலைவிட்டத்தின் கீழே பாதிப் பரப்பு கிடைக்கும். கால்வட்டத்தின் கீழே 78 விழுக்காட்டுக்கும் மேல். ஒரு கோட்டை வளைத்ததில் கூரையடி ஒன்றரை மடங்காகப் பெருத்தது.

அறைக்குள் எவ்வளவு உயரம் தேடினாலும், அங்கே போகும் படிக்கட்டு பலரைத் தோற்கடித்துவிடும். இங்கிலாந்தில் படிக்கு மேலே 2 மீட்டர் தலையிடம் வேண்டும். கூரையறைக்கு மட்டும் இரக்கம் காட்டி, படியின் நடுவில் 1.90 மீட்டரும் சாய்வுப் பக்கம் 1.80 மீட்டரும் இருந்தால் போதும் என்கிறார்கள். ஆகவே படி முகட்டுக்குக் கீழே வந்து முடிய வேண்டும். அறையின் மிக நல்ல இடத்தைப் படி எடுத்துக்கொள்கிறது.

இதுவரை சொன்ன கணக்கெல்லாம் சாம்பல் நிற நவம்பருக்கு. ஜூலையில் அதே வடிவியல் எதிரியாகிறது. பாரிஸில் கோடை நடுப்பகலில் சூரியன் அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய 65 டிகிரியில் நிற்கும். தெற்குச் சுவரின் ஜன்னல்மேல் வெயில் ஓரமாகச் சரிந்து, தன் வலிமையில் 43 விழுக்காடு மட்டுமே விழுகிறது. 45 டிகிரி சாய்ந்த தெற்குக் கண்ணாடிமேல் 94 விழுக்காடு விழுகிறது. உள்ளே திரை போட்டால் பயன் குறைவு. கண்ணாடியைக் கடந்துவிட்ட வெயில் திரையைச் சூடாக்கி அறைக்குள்ளேயே தங்கிவிடும். திரை கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். முகட்டுக்கு அருகே ஒரு ஜன்னலும் தாழ்வாக ஒன்றும் இருந்து, இரவில் இரண்டையும் திறந்துவைத்தால், சூடான காற்று மேலே வெளியேறிக் கீழிருந்து குளிர்ந்த காற்றை இழுக்கும்.

இதை ஒரு வசதிக் குறிப்பாக எழுதவில்லை. 2003 ஆகஸ்டில் பிரான்ஸைத் தாக்கிய வெப்ப அலையில் ஏறக்குறைய 15,000 பேர் கூடுதலாக இறந்தார்கள்; பெரும்பாலோர் முதியவர்கள். இறந்தவர்களையும், அதே பகுதியில் பிழைத்தவர்களையும் பிறகு ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். கூரைக்கு நேர் கீழே படுக்கையறை இருந்தவர்களுக்கு ஆபத்து தெளிவாகவே கூடியிருந்தது. ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத துத்தநாகத் தகடும், அதன் கீழே பலகையும், அதன் கீழே ஒரு கட்டிலும் இருந்தால் வேறென்ன நடக்கும்?

வெப்பக் காப்பு வைத்தால் தீரும் என்பார்கள். எங்கே வைப்பது? உட்புறம் கைமரங்களுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் காப்பு வைத்தால் சாய்வு முழுதும் அந்த அளவு உள்ளே வரும். 45 டிகிரி கூரையில் நிமிர்ந்து நிற்கும் பட்டை ஒவ்வொரு பக்கமும் 21 சென்டிமீட்டர் குறையும், தாங்கலாம். 30 டிகிரி கூரையில் பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர். மேலே பார்த்த 1.07 மீட்டர் நடைபாதை 47 சென்டிமீட்டராகிவிடும். அறையைக் குளிர்ச்சியாக்கி, அதில் நிற்க முடியாமல் செய்துவிடுகிறோம். போதாக்குறைக்கு, உள்ளிருந்து கசியும் ஈரக் காற்று குளிர்காலத்தில் காப்பைக் கடந்து குளிர்ந்த பலகையில் பட்டு நீராகும். அதைத் தடுக்க அறைப்பக்கம் ஆவித் தடுப்புத் தாளைக் கிழிசலில்லாமல் ஒட்ட வேண்டும்.

மாற்று வழி, காப்பைக் கைமரங்களுக்கு மேலே, வெளிப்புறம் வைப்பது. அறையின் ஒரு சென்டிமீட்டரும் போகாது. ஆனால் கூரையின் வெளிக்கோடு ஒரு சாண் உயரும். அண்டைக் கூரைகளோடு ஒட்டிய வரி மாறும் என்று பழைமைக் காப்பாளர்கள் தயங்குகிறார்கள். பாரிஸின் துத்தநாகக் கூரை வேய்வோரின் தொழில்திறனை யுனெஸ்கோ 2024-இல் மானுட மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்தக் கூரைகள்மேல் எனக்கும் மதிப்புண்டு. ஆனால் ஆறு மாடிக்குக் கீழே தெருவில் நடப்பவர் கண்ணுக்கு அந்த ஒரு சாண் தெரியாது. உள்ளே படுத்திருப்பவருக்கு அது ஜூலை மாதத்தைக் கடக்கும் வழி. அதே தொழிலாளர்கள் அதே தகட்டை மீண்டும் வேயலாம்: கைமரத்தின் மேல் கனமான மரநார்ப் பலகை, அது பகல் வெப்பம் உள்ளே இறங்குவதைப் பல மணி நேரம் தள்ளிப்போடும், அதன்மேல் காற்று ஓட ஓர் இடைவெளி, ஏனென்றால் அடியில் ஈரம் தேங்கினால் துத்தநாகம் உட்புறமிருந்து அரித்துப்போகும், இடைவெளிக்கு மேலே பலகை, அதற்கு மேலே தகடு. எந்தப் பழைய அறைக்கு இதைச் செய்தாலும், சாரம் கட்டி கூரை திறந்திருக்கும் அந்தச் சில வாரங்களிலேயே முகட்டு விட்டத்தையும் மாற்றி, கூரை ஜன்னலையும் பதித்துவிட வேண்டும். மூன்றுக்கும் திறக்க வேண்டிய கூரை ஒன்றுதான்.